போர்ட் வெல்ட் பாதையின் எட்டு மைல்

பேராக்கின் கடலோரச் சிற்றூரான கோலா செப்பெத்தாங்கில் ஒரு ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. அதனருகே சின்னதாக ஒரு டிக்கெட் அறை. தண்டவாளம் கிடையாது, சிக்னல் கம்பம் கிடையாது, வண்டி வந்து நின்றதற்கான வேறு தடயமும் இல்லை. சுற்றிலும் கடைவீடுகள், மீன்பிடிப் படகுகள், சேற்று வாடை. பலகையில் ஊரின் பழைய பெயரான போர்ட் வெல்ட் என்பதை ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள்.

மலேசிய ரயில்வே தன் வயதை 1885 ஜூன் 1 முதல் எண்ணுகிறது. அன்றுதான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையிலான பாதை திறக்கப்பட்டது. நீளம் எட்டு மைல், அதாவது 12.8 கிலோமீட்டர். விக்டோரியா மகாராணி காலத்து நிலையம் என்றதும் மனத்தில் எழும் கோபுரமும் வளைவுகளும் இங்கே ஒருபோதும் இருந்ததில்லை. சென்னையில் 1856இல் திறந்த ராயபுரம் நிலையம் தன் தூண்களோடு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஹப்பக் வரைந்த ஈப்போ நிலையம் வெள்ளை மாளிகைபோல் ஊரின் அடையாளமாகிவிட்டது. போர்ட் வெல்ட்டில் இருந்தது வேலைக்கான நிலையம். அலையாத்திக் காட்டின் விளிம்பில் சரக்கைப் படகுக்கு மாற்றிவிட ஒரு மேடை, கணக்கு எழுத ஓர் அறை. அதனாலேயே அது அழிந்தபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதன் வரலாறு கட்டடத்தைவிடப் பெரியது. அதில் தமிழர்களான நம் பங்கு நாம் நினைத்திருப்பதைவிட மிகப் பெரியது.

பாதை எதற்காகப் பிறந்தது என்பதற்கு ஒரே பதில் ஈயம். தைப்பிங் அமைந்திருக்கும் லாருட் பகுதியில் 1840களின் இறுதியில் லோங் ஜாஃபர் ஈயம் எடுக்கத் தொடங்கினார். அவர் மகன் ஙா இப்ராஹிம் காலத்தில் அது பெருஞ்செல்வமாகி, சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். ஈயக்காட்டுக்கும் தண்ணீருக்குமான சண்டைகள் 1861இல் தொடங்கி, லாருட் போர்கள் என்ற பெயரில் பத்தாண்டுக்கும் மேல் நீண்டன. அந்தக் குழப்பத்தைக் காரணம் காட்டித்தான் 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் ஒப்பந்தத்தின் வழியே பிரிட்டிஷ் ரெசிடென்ட் பேராக்குக்குள் வந்தார். முதல் ரெசிடென்ட் பர்ச் அடுத்த ஆண்டு நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877இல் பொறுப்பேற்ற ஹியூ லோ நிதானமாகக் கணக்குப் பார்த்து ஆட்சி நடத்தியவர். கோலா கங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டு வளர்த்தவரும் அவர்தான். மாநிலத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஈயத்தின் மீதான தீர்வையிலிருந்து வந்தது. ஈயம் தடையின்றிக் கடலுக்குப் போனால்தான் கஜானா நிரம்பும்.

ஆனால் தைப்பிங்கிலிருந்து கடலுக்குப் போகும் வழி மோசமானது. யானை முதுகிலும் மாட்டு வண்டியிலும் ஈயக் கட்டிகளை ஏற்றி மாத்தாங் வழியாக ஆற்றுத் துறைக்குக் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் சாலை சேறாகிவிடும். ஈயம் கனமான பொருள். வண்டிச் சக்கரம் ஒரு தடவை இறங்கினால் மாடு இழுத்து மீளாது. உள்ளே போகும் அரிசிக்கும் சுரங்கத்துக்கு வேண்டிய தளவாடங்களுக்கும் அதே வழிதான். 1825இல் இங்கிலாந்தில் ஸ்டாக்டன் டார்லிங்டன் பாதை நிலக்கரியை ஆற்றுத் துறைக்கு இறக்கப் போடப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து அதே தேவைக்கு அதே விடை லாருட்டில் கிடைத்தது. பாதையின் கடல் முனையில் உருவான துறைக்கு, ஜலசந்திக் குடியேற்றங்களின் கவர்னராக 1880 முதல் 1887 வரை இருந்த ஃபிரெடெரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். நியூசிலாந்தின் பிரதமராகவும் மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா ஆகியவற்றின் கவர்னராகவும் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

பாதையைப் போட்டது யார் என்ற கேள்விக்கு வழக்கமான வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்துவிடும்: இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையின் இரண்டு பிரிவுகள். அந்த ஒரு வரியில்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். இது துப்பாக்கி பிடித்த படை இல்லை. இலங்கையில் ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1830களில் ஒழிக்கப்பட்ட பிறகு, சாலை போடக் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்களைக் கொண்டு பெரும்பாலும் நிரப்பப்பட்ட அரசாங்க வேலைப் படைதான் பயனியர் படை. மலைநாட்டுச் சாலைகளிலும் பாலங்களிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. மண் வெட்டி மேடாக்குவது, கல் உடைப்பது, பாறைக்கு வெடி வைப்பது, ஈரநிலத்தில் அடித்தளம் போடுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. பேராக்கில் அப்போது அப்படியொரு பயிற்சி பெற்ற கூட்டம் இல்லை. சீனத் தொழிலாளர்களுக்குச் சுரங்கத்தில்தான் நல்ல வருமானம். மலாய்க் குடியானவர்களுக்கு வயலும் ஆறும் இருந்தன. ஆகவே இலங்கையிலிருந்து ஆளும் அனுபவமும் ஒன்றாகவே இறக்குமதியாயின.

இலங்கையில் அந்தச் சமயம் காப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1869இல் தென்பட்ட அந்தப் பூஞ்சை, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு பொருளாதாரத்தையே சாய்த்துவிட்டது. தோட்ட முதலாளிகள் பலர் மலாயாவைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் அப்போதுதான். தீவுக்கும் தீபகற்பத்துக்கும் இடையே ஆட்கள் நகர்ந்ததற்குப் பின்னால் அரசாங்கக் கடிதங்கள் மட்டும் இருக்கவில்லை, பசியும் இருந்தது.

எட்டு மைல் என்பது வரைபடத்தில் ஒரு விரற்கடை. இன்று தைப்பிங்கிலிருந்து காரில் புறப்பட்டால் கால் மணி நேரம், இருபது நிமிடம். ஆனால் அதில் ஒரு பகுதி அலையாத்திச் சதுப்பு. ஏற்றம் வந்தால் தண்ணீர் மேலேறும், வற்றினால் முழங்கால் ஆழச் சேறு. அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி, அது அமிழ அமிழ மீண்டும் கொட்டி, அதன்மேல் கட்டைகளைப் பரப்பி ஒரு மீட்டர் அகலத்தில் இருப்புப்பாதை அமைக்க வேண்டும். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முடிந்த வேலை இது. காய்ச்சல் கெட்ட காற்றால் வருவதாக நம்பிக்கொண்டு, கொசு மொய்க்கும் சதுப்பிலேயே கூடாரம் போட்டுத் தங்கிய காலம். தோட்டத்து லயங்களில் நேர்ந்த சாவுகளைப் பற்றிப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். லயம் வருவதற்கு முந்தைய தலைமுறையின் சாவுகளைச் சொல்ல ஆள் இல்லை.

பயனியர் படைக்குப் பின்னால் வந்த இன்னொரு வகையினரின் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதிலிருந்து, அந்தக் குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி வேரூன்றியிருந்தது. படித்தவர்கள் பெருகினார்கள், உத்தியோகம் பெருகவில்லை. பேராக்கில் நிலைமை தலைகீழ். ரயிலுக்கு டிக்கெட் எழுத, தந்தி அடிக்க, சரக்குக் கணக்கு வைக்க, ஸ்டேஷனைப் பொறுப்பாக நடத்த ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் வேண்டும், உள்ளூரில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாண இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள். முதலில் ஓர் அண்ணன், பிறகு அவர் எழுதிய கடிதத்தின் பேரில் தம்பி, பிறகு மச்சான். ஸ்டேஷன் மாஸ்டர் என்றால் யாழ்ப்பாணத்தார் என்று மலாயா முழுவதும் பேசப்படும் அளவுக்கு அது வளர்ந்தது. தைப்பிங்கில் இலங்கைத் தமிழர் சமூகம் வேர்விட்டதும் இப்படித்தான்.

இதில் என்னை அதிகம் பாதிக்கும் செய்தி ஒன்று உண்டு. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை வடக்குப் பாதை முழுமையாக முடிந்தது 1905இல்தான். அதாவது, போர்ட் வெல்ட் பாதை ஓடத் தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்து. சொந்த ஊரில் ரயில் சத்தமே கேட்டிராத பிள்ளைகள் கடல் கடந்து வந்து இன்னொரு நாட்டின் ரயிலை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஊருக்கு விடுமுறையில் போனபோது கடலில் கப்பலும் கரையில் மாட்டு வண்டியுமாகப் பயணம் செய்திருப்பார்கள்.

தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு இது நேர்மாறு. திருச்சிராப்பள்ளியையும் நாகப்பட்டினத்தையும் இணைத்த பாதை 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. தஞ்சை, திருச்சி மாவட்டக் கிராமங்களிலிருந்து ஆட்களை நாகப்பட்டினத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததே அந்த ரயில்தான். அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். பினாங்கிலிருந்து கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கு, பிறகு கித்தா எனப்படும் ரப்பர் காடுகளுக்கு. ரயில் அவர்களை ஊரிலிருந்து பெயர்த்தது. இங்கே வந்த பிறகு அவர்களில் பலரையே பாதை பராமரிக்கும் கேங்கில் சேர்த்துக்கொண்டது. ஸ்டேஷன் அறைக்குள் யாழ்ப்பாணத் தமிழ், வெளியே தண்டவாளத்தில் தஞ்சாவூர்த் தமிழ். இரண்டு தரப்பும் ஒரே மொழியைப் பேசின. ஆனால் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. சம்பளமும் குடியிருப்பும் கோயிலும்கூடப் பெரும்பாலும் வேறுவேறாகவே இருந்தன. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் பூசி மெழுகத் தேவையில்லை என்பது என் கருத்து.

பெயர்ப்பலகையில் நான்கு எழுத்துகள் இருப்பதன் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. மலாயாவின் பழைய நிலையங்களில் இது பொது வழக்கம். பயணிகள் யார், வேலை செய்தவர்கள் யார் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். ஆங்கிலம் படிக்காத பாயிண்ட்ஸ்மேனும், மூட்டையோடு இறங்கும் தோட்டத்துக் குடும்பமும் ஊர் எது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் போராடிப் பெற்ற உரிமையாக அது வரவில்லை, வேலை நடக்க வேண்டும் என்பதற்காகவே வந்தது. இன்று பார்க்கும்போது அந்தப் பலகை ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் சமம்.

இனி, நிலையம் ஏன் வாழவில்லை என்பதற்கு வருவோம். அதில் எங்கள் ஊரான கோப்பெங்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

லாருட்டின் ஈயம் மேலோட்டமாகக் கிடைத்தது, சீக்கிரமே மெலிந்தது. 1880களின் இறுதியில் கிந்தா பள்ளத்தாக்கு அதை மிஞ்சிவிட்டது. கோப்பெங் அந்தப் பள்ளத்தாக்கின் பழைய ஈய ஊர்களில் ஒன்று. இன்று பல நாடுகளில் கடை விரித்திருக்கும் இயூ யான் சாங் சீன மருந்துக் கடை 1879இல் முதன்முதலாகத் தொடங்கியது இங்கேதான். அபினுக்கு அடிமையாகிக் கிடந்த ஈயத் தொழிலாளர்களுக்கு மூலிகை கொடுத்த கடை. 1892இல் கோப்பெங் ஈயக் கம்பெனி உருவாகி, மலையிலிருந்து குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் அழுத்தத்தால் மண்ணைக் கரைத்து ஈயம் எடுக்கும் முறை பரவியது. எங்கள் ஊர் எல்லையில் இன்றும் கிடக்கும் ஈயக்குட்டைகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

அந்த ஈயம் போர்ட் வெல்ட்டுக்குப் போகவில்லை. இடையில் மலைத்தொடர் இருந்தது. கிந்தா ஈயத்துக்கு இயல்பான வழி தெற்கே ஆற்றோடு இறங்கி தெலுக் அன்சன், இன்றைய தெலுக் இந்தான். ஆகவே அங்கிருந்து தாப்பா ரோடுக்கு 1893இல் பாதை போட்டார்கள். 1895இல் அது ஈப்போவை எட்டியது. கோப்பெங்கை அந்தப் பாதை தொடவில்லை. மேற்கே கம்பார், பத்து காஜா வழியாக அது போய்விட, ஈயம் விளைந்த எங்கள் ஊருக்குச் சாலையே கதியாயிற்று. ரயில் ஒதுக்கிவிட்டுப் போன ஊரின் ஈயமும் சேர்ந்துதான் ரயில் முதலில் வந்த ஊரை ஒதுக்கியது. 1894 செப்டம்பரில் தெலுக் அன்சன் பாதையில் ஓடிய ரயிலை ஒரு காட்டு யானை எதிர்த்து மோதித் தடம்புரளச் செய்து, தானும் செத்துப் போனது. அதற்கு வைத்த நினைவுப் பலகை உண்டு. யானைக்குக் கிடைத்த பலகை அந்தப் பாதையில் செத்த கூலியாட்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

போர்ட் வெல்ட்டின் கதையை முடித்தது 1903. அந்த ஆண்டில் பினாங்குக்கு எதிரேயுள்ள பிறையிலிருந்து தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் வழியாகச் சிரம்பான் வரை பாதை ஒரே கோடாக இணைந்துவிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு பாதையும் ஒரு சுரங்கப் பகுதியிலிருந்து ஒரு துறைக்கு இறங்குவதாகவே இருந்தது: தைப்பிங்குக்குப் போர்ட் வெல்ட், கோலாலம்பூருக்குக் கிள்ளான், சிரம்பானுக்குப் போர்ட் டிக்சன், ஈப்போவுக்குத் தெலுக் அன்சன். வடக்கு தெற்குப் பாதை இந்தக் கோடுகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியதும், சிறு துறைகளுக்கு வேலை குறைந்தது. தைப்பிங்கில் ஏற்றிய சரக்கை நேரே பிறையில் இறக்கிப் பினாங்குத் துறைமுகத்தின் பெரிய கப்பலில் சேர்க்கலாம் என்னும்போது, ஏற்றத்துக்குக் காத்திருந்து சிறு கப்பல் நுழையும் ஒரு சேற்றுக் கழிமுகத்துக்கு யார் போவார்கள்? 1885இன் பிரதான பாதை இருபது ஆண்டுகளுக்குள் ஒரு கிளைப்பாதையாகச் சுருங்கியது. பிற்காலத்தில் தண்டவாளம் கழற்றப்பட்டது. ஊரும் வெல்டின் பெயரை உதறி, கோலா செப்பெத்தாங் ஆனது. தைப்பிங்கில் முதல் நிலையம் இருந்த இடத்தில் பிறகு ஏழாம் எட்வர்ட் பள்ளி எழுந்தது.

துறைமுகம் போன பிறகு ஊரைத் தாங்கியது காடு. மாத்தாங் அலையாத்திக் காப்புக்காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே முறையாகத் திட்டமிட்டு வெட்டியும் நட்டும் வளர்க்கப்படுகிறது. அந்தத் திட்டத்தின் பின்னாலும் ரயில் இருக்கிறது. ரவாங் பக்கத்து நிலக்கரி 1915க்குப் பிறகு வெளிவரும்வரை எஞ்சின்களுக்கு முக்கியமான தீனி அலையாத்தி விறகுதான். எஞ்சின்களும் ஈயச் சுரங்கத்தின் நீராவி இயந்திரங்களும் காட்டைத் தின்று தீர்த்துவிடும் என்ற அச்சம்தான் காட்டுக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. விறகுத் தேவை குறைந்தபோது 1930களில் கரிச் சூளைகள் வந்தன. இன்றும் கோலா செப்பெத்தாங்குக்குப் போனால் அவற்றைப் பார்க்கலாம். செங்கல்லால் கவிழ்ந்த சட்டிபோலக் கட்டிய பெரிய சூளைகள். உள்ளே பட்டை உரித்த பாக்காவ் என்னும் அலையாத்தி மரக் கட்டைகளை நிறுத்தி அடுக்கி, வாயில் சிறு நெருப்பிட்டு, வாரக்கணக்கில் அனலிலேயே வேக விடுவார்கள். புகையின் மணத்தை வைத்தே உள்ளே கட்டை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கரிச் சூளையையும் மின்மினிப் பூச்சியையும் கழுகையும் பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டு, பெயர்ப்பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மலேசியத் தமிழரிடம் ரயில் என்ற பேச்செடுத்தால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது சயாம் மரண ரயில். அது நியாயமே. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆர். சண்முகம் அந்தப் பெயரிலேயே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். குடும்பங்களுக்குள் இன்னும் அந்தக் காயம் இருக்கிறது. ஆனால் மலாயாவுக்கு வந்த தமிழர் முதலில் போட்ட பாதை சயாம் பாதை இல்லை. அதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, கூலி வாங்கிக்கொண்டு வேலை தெரிந்தவர்களாக வந்து, ஒரு நாட்டின் முதல் இருப்புப்பாதையைச் சேற்றுக்குள் நிலைநிறுத்தியவர்கள் இருந்தார்கள். துயரத்தை மட்டுமே வரலாறாக நினைவில் வைத்துக்கொண்டு, திறமையை மறந்துவிடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். செந்தூல் பட்டறையில் எஞ்சின் பழுது பார்த்தவர்களும், பாதையோரக் குடியிருப்புகளில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த கேங் குடும்பங்களும் அந்த முதல் எட்டு மைலின் தொடர்ச்சி.

இந்த வரலாற்றுக்கு ஆவணங்கள் இல்லாமல் இல்லை. ரெசிடென்ட்களின் ஆண்டறிக்கைகளும் 1888 முதல் வெளிவந்த பேராக் அரசாங்க கெஜட்டும் இருக்கின்றன. உத்தியோகம் பார்த்தவர்களின் நியமனத்தையும் மாற்றலையும் இத்தகைய பதிவுகளில் தேடலாம். யாழ்ப்பாணக் குடும்பங்களில் பலர் தங்கள் வம்சாவளியை எழுதியும் வைத்திருக்கிறார்கள். மண் சுமந்தவர்களின் நிலைதான் வேறு. அரசாங்க ஏடுகளில் அவர்கள் பெரும்பாலும் தலை எண்ணிக்கையாகவும் செலவுக் கணக்காகவும் மட்டுமே வருவார்கள். ஆகவே தேட வேண்டிய இடங்களும் வேறு: தைப்பிங், மாத்தாங் பக்கத்துப் பழைய அம்மன் கோயில்களின் நன்கொடைக் கல்வெட்டுகள், கோயில் கணக்கு நோட்டுகள், இந்துச் சுடுகாட்டில் பெயர் தேய்ந்த கற்கள், ரயில்வே குடியிருப்பில் பிறந்து இன்று எண்பதைத் தாண்டிய பெரியவர்களின் பேச்சு. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அவசரம். கொழும்பில் உள்ள இலங்கை ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடிய பயனியர் படையின் பதிவுகளோடு பேராக்கின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆய்வு மாணவர் முன்வந்தால், அந்த இரண்டு பிரிவுகளில் வந்தவர்கள் எந்த மாவட்டத்துக்காரர்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் இங்கேயே தங்கினார்கள் என்பதைத் தேடத் தொடங்கலாம். கோலா செப்பெத்தாங்கில் பலகையைப் பார்க்க வருகிறவர்களுக்கு, அதன் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ள அந்த விவரங்களை எழுதி வைக்கலாம்.